குளியலறைச் சுவரில் கீதை

ஜோகன்னஸ்பர்க்கில், 1903-ஆம் ஆண்டு வாக்கில், வழக்கறிஞர் மோகன்தாஸ் காந்திக்குக் காலையில் பல் துலக்க 15 நிமிடமும் குளிக்க 20 நிமிடமும் பிடித்தன. இந்தக் கணக்கைத் தம் தன்வரலாறான சத்திய சோதனையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். மேல்நாட்டு வழக்கப்படி நின்றுகொண்டே பல் துலக்குவதால் கண்ணுக்கு வேலையில்லை. ஆகவே பகவத் கீதையின் சுலோகங்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி எதிர்ச்சுவரில் ஒட்டினார். அன்றைய பங்கை மனத்தில் ஏற்றவும் பழைய பாடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும் அந்த 35 நிமிடம் போதுமானதாக இருந்தது. இப்படியே 13 அத்தியாயங்கள் மனப்பாடமாயின. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு புத்தகங்களை அலமாரியில் அடுக்கிவைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூச்சப்படலாம்.

அந்தக் காகிதங்கள் காந்தியை எப்படி மாற்றின என்பது ஊரறிந்த கதை. அவரை நம்பியிருந்த குடும்பத்தை அவை என்ன செய்தன?

கீதையின் இரண்டு சொற்கள் அவரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒன்று அபரிக்ரகம், அதாவது உடைமை கொள்ளாமை. மற்றொன்று சமபாவம், எல்லாரையும் ஒன்றாகப் பார்த்தல். பொருள் தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவதுபோல், நடத்தையில் ஐயம் வந்தால் கீதையைப் புரட்டுவது அவருக்கு வழக்கமாகியிருந்தது. உடைமை கூடாதென்றால் மனைவி மக்களும் உடைமைதானே, அலமாரி நிறைய இருக்கும் புத்தகங்களை என்ன செய்வது என்றெல்லாம் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். கடைசியில் கை வைத்தது ஆயுள் காப்பீட்டில். சில ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் இருந்தபோது, இனிக்க இனிக்கப் பேசிய அமெரிக்க முகவர் ஒருவரிடம் மயங்கி 10,000 ரூபாய்க்கு எடுத்த பாலிசி அது. தமக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பப் பாரம் அண்ணன் தலையில் விழக்கூடாதே என்பதுதான் அன்றைய கவலை. இப்போது, தம்மையும் மனைவி மக்களையும் படைத்த கடவுள் அவர்களைப் பார்த்துக்கொள்வார் என்று தோன்றிவிட்டது. பாலிசி காலாவதியாகட்டும், கட்டிய பணத்தில் ஏதாவது திரும்பி வந்தால் சரி, இல்லாவிட்டால் போகட்டும் என்று நண்பர் ரேவாசங்கருக்கு எழுதினார்.

அடுத்த கடிதம் அண்ணன் லட்சுமிதாசுக்குப் போனது. தம்பியின் சீமைப் படிப்புக்குப் பணம் தேடிக் கொடுத்து, தகப்பன் இடத்தில் நின்றவர் அவர். இதுவரை மிச்சம் பிடித்ததையெல்லாம் உங்களுக்கு அனுப்பிவிட்டேன், இனிமேல் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம், மிஞ்சுவது இங்குள்ள சமூகத்தின் நன்மைக்குப் போகும் என்பது கடிதத்தின் சாரம். அண்ணன் கொதித்துப்போனார். குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமையைக் கடுமையான சொற்களில் எடுத்துச் சொன்னார். அப்பாவைவிட நீ அறிவாளியா என்று கேட்டார். அப்பா செய்ததைத்தான் நானும் செய்கிறேன், குடும்பம் என்ற சொல்லின் பொருளைச் சற்றே அகலமாக்கிக்கொண்டால் இது விளங்கும் என்று தம்பி பதில் எழுதினார். அதன்பின் அண்ணனிடமிருந்து கடிதப் போக்குவரத்தே அநேகமாக நின்றுவிட்டது.

இந்தச் சண்டையில் அண்ணனை உலகப்பற்றுக் கொண்டவர் என்றும் தம்பியை ஞானி என்றும் பிரித்துவைப்பது எளிது. ஆனால் அண்ணன் பேசியதும் தர்மத்தின் மொழிதான். திருக்குறளில் இல்வாழ்க்கை ஐந்தாம் அதிகாரம், துறவு முப்பத்தைந்தாவது. அறத்தின் வழியில் இல்லறம் நடத்துகிறவன் வேறு வழியில் போய்ப் பெறப்போவது என்ன என்று வள்ளுவர் கேட்கிறார். துறந்தவர்களுக்குச் சோறு போடும் கடமையையும் இல்லறத்தான் தோளில்தான் ஏற்றுகிறார். லட்சுமிதாசுக்குக் குறள் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் தம்பிக்கு இன்னும் சூடாக ஒரு கடிதம் போயிருக்கும்.

ஒரு புத்தகம் ஒருவரை உயர்த்துகிறது என்று சொல்லும்போது, அதற்கான விலையைப் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைப் படிக்காத வேறொருவர் கொடுக்கிறார். மனைவி கஸ்தூரிபா கொடுத்தார். பள்ளிப்படிப்புக் கிடைக்கவில்லை என்ற குறையுடன் 1911-இல் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட மூத்த மகன் ஹரிலால் கொடுத்தார். ஆன்ம வளர்ச்சி பற்றிய நூல்களின் முன்னுரைகளில் இந்தப் பேச்சு வருவதில்லை.

ஆனால் ஒரே ஒரு நூல் இந்த உண்மையை முதல் சில பக்கங்களிலேயே போட்டு உடைத்துவிடுகிறது. அதுவே பின்னர் ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பமே கூடியிருந்து படிக்கும் நூலாயிற்று என்பது வேடிக்கை. ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணம்தான் அது. தொடக்கத்தில் கந்தல் அணிந்த ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு நிற்கிறான். கையில் ஒரு புத்தகம். படிக்கிறான், நடுங்குகிறான், அழுகிறான். பிறகு வீட்டை விட்டு ஓடத் தொடங்குகிறான். மனைவியும் பிள்ளைகளும் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். அவன் விரல்களால் காதுகளைப் பொத்திக்கொண்டு, நித்திய வாழ்வு வேண்டும் என்று கத்தியபடி திரும்பிப் பாராமல் ஓடுகிறான்.

இந்தக் காட்சியை எழுதியவருக்கு அந்த வாசலில் நிற்பவர்களை நன்றாகத் தெரியும். பன்யன் ஒரு பாத்திரக்காரர். ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர். முதல் திருமணத்தின்போது வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லாத வறுமை என்று அவரே எழுதுகிறார். மனைவி கொண்டுவந்த சீதனம் அவள் தகப்பன் விட்டுச்சென்ற இரண்டு பக்தி நூல்கள். அவற்றை இருவரும் சேர்ந்து படித்தார்கள். அவரது மனமாற்றம் அங்கே, இரண்டு பேர் ஒரு நூலின் முன் உட்கார்ந்திருந்த இடத்தில் தொடங்குகிறது.

1660-இல் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக பெட்ஃபர்டு சிறையில் அடைத்தார்கள். இனிமேல் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. 12 ஆண்டு உள்ளே இருந்தார். இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன் போய் நின்று, நான்கு சிறு குழந்தைகள், அவர்களில் ஒன்றுக்குக் கண் தெரியாது, ஊரார் தருமத்தில் காலம் தள்ளுகிறோம் என்று முறையிட்டார். மனைவி மக்களை, அதிலும் அந்தப் பார்வையற்ற மகள் மேரியைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதைப்போல் இருந்தது என்ற கருத்தில் பன்யன் எழுதியிருக்கிறார். சிறைக்குள் காலணி நாடாக்களுக்கு முனை கட்டி விற்றுக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பினார். காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவனைப் படைத்தவரின் காதில் அந்தக் குழந்தையின் குரல் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

1684-இல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார். வீட்டில் விடப்பட்ட மனைவி, நான்கு மகன்களை அழைத்துக்கொண்டு அதே பாதையில் புறப்படும் கதை. முதல் பாகத்தில் பயணி தட்டுத்தடுமாறிப் போன வழியில், இவர்கள் கூட்டமாக, பேசிக்கொண்டு, விருந்து உண்டு, குழந்தைகளுக்காக நின்று நின்று போகிறார்கள். இலக்கிய நயம் முதல் பாகத்தில்தான் அதிகம் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஆறு ஆண்டு கழித்து ஒருவர் தம் நாயகனின் வீட்டு வாசலுக்குத் திரும்பிவந்து, அங்கே விட்டுவிட்டுப் போனவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போக நினைத்ததை இலக்கிய நயத்தால் மட்டும் அளக்க முடியாது. மோட்சப் பயணத்தைத் தழுவித்தான் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பன் வழியில் இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். அது 1894-இல் வெளிவந்தது.

வீட்டை விட்டுப் போகும் இந்த ஓட்டம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. பட்டினத்தார் கதையில் நூல்கூட இல்லை, பெட்டிக்குள் ஒரு ஓலை நறுக்கு. அதில் ஒற்றை வாக்கியம். கடைசிப் பயணத்தில் காது உடைந்த ஊசிகூடக் கூட வராது என்று படித்த கையோடு காவிரிப்பூம்பட்டினத்தின் பெருஞ்செல்வர் எல்லாவற்றையும் விட்டு இறங்கிவிட்டார். ஆனாலும் தாய்க்குக் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார் என்றுதான் கதையை நம் ஊர் சொல்லிவருகிறது. அந்தத் திரும்பி வருதல் இல்லாமல் நம்மவர்களுக்குக் கதை முடிவதில்லை.

இதற்கெல்லாம் மூத்த ஒரு வீட்டுக் காட்சி பிருகதாரண்யக உபநிடதத்தில் இருக்கிறது. யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுப் புறப்படுகிறார். போவதற்கு முன் மைத்ரேயி, காத்யாயனி என்ற இரு மனைவியருக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுக்கப் பார்க்கிறார். இந்தப் பூமி முழுதும் செல்வத்தால் நிறைந்து எனக்கே கிடைத்தாலும் சாவைக் கடப்பேனா என்று மைத்ரேயி கேட்கிறாள். மாட்டாய் என்கிறார். அப்படியானால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்கிறாள். வா, உட்கார், சொல்கிறேன், நான் சொல்லச் சொல்ல யோசித்துக்கொண்டே கேள் என்று தொடங்குகிறார் முனிவர். கேட்டல், சிந்தித்தல், ஆழ்ந்து தியானித்தல் என்று பின்னாளில் வேதாந்திகள் பெரிய சாத்திரமாக விரித்துக்கொண்ட மூன்று படிகளும் இங்கே, ஒரு கணவனும் மனைவியும் சொத்துப் பேச வந்த இடத்தில் பிறந்தவை. நடுவில் மைத்ரேயி, நீங்கள் என்னைக் குழப்பிவிட்டீர்கள் என்று நேராகவே சொல்கிறாள். தனியாகப் படிக்கும் புத்தகத்திடம் இப்படிச் சண்டை போட முடியாது. அப்போது காத்யாயனி எங்கே இருந்தாள் என்று உபநிடதம் சொல்வதில்லை. கதவுக்கு அந்தப்புறம் நின்று ஒன்றிரண்டு வார்த்தைகளாவது கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

கேட்டல் என்ற முதல் படிக்கு வள்ளுவர் ஒரு தனி அதிகாரமே கொடுக்கிறார். கல்வி, கல்லாமை, அறிவுடைமை ஆகியவற்றுக்கு நடுவே கேள்வி. படிக்காதவனும் கேட்கட்டும், தளரும் நேரத்தில் அது ஊன்றுகோலாகும் என்பது அவர் கணக்கு. எழுத்துத் தெரிந்தவர்கள் சிலராகவும் கேட்பவர்கள் பலராகவும் இருந்த ஊரின் கணக்கு அது. மார்கழித் திருப்பாவையும் ஆடி மாதத்து பாரதப் படிப்பும் அந்தக் கணக்கில் ஓடியவைதான். தமிழில் கேள்வி என்றால் காதால் கேட்பதும் ஐயம் எழுப்புவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

காந்தியும் அடிப்படையில் கேட்டு வளர்ந்தவரே. போர்பந்தரில் நோயுற்றிருந்த தகப்பனாருக்காக லாதா மகராஜ் என்ற ராம பக்தர் மாலைதோறும் துளசிதாசரின் ராமாயணத்தைப் பாடிப் பொருள் சொன்னபோது அவருக்கு வயது 13. அந்தக் குரலில் தாம் கட்டுண்டு போனதையும், ராமாயணத்தின்மேல் தமக்கு வந்த பக்திக்கு அதுவே அடித்தளம் என்பதையும் அவர் பதிவு செய்கிறார். பின்னர் ராஜ்கோட்டில் ஏகாதசிதோறும் பாகவதம் படித்தார்கள். படித்தவரின் குரலில் உயிரில்லை. கேட்ட பையனுக்கு மனம் ஒட்டவில்லை. பல ஆண்டு கழித்து, 21 நாள் உண்ணாவிரதத்தின்போது மதன்மோகன் மாளவியா அதே பாகவதத்தைப் படிக்கக் கேட்டு, இது சின்ன வயதிலேயே இப்படிப்பட்டவர் வாயால் காதில் விழுந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். கீதையோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டதும் லண்டனில் இரண்டு பிரம்மஞான சங்க நண்பர்கள், வா, சேர்ந்து படிப்போம் என்று அழைத்ததால்தான். குளியலறைச் சுவருக்கு வந்து சேர்வதற்குமுன் கீதை பலர் நடுவே இருந்த புத்தகம்.

சேர்ந்து படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதிய ‘தந்தையும் மகனும்’ நூலில் வரும் வீட்டில் வேதாகமம் ஓயாமல் படிக்கப்பட்டது. ஆனால் கதைப் புத்தகம் ஒன்றுகூட உள்ளே வராது. இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்வது பாவம் என்பது தாயின் உறுதி. அவருக்கே சிறுவயதில் கதை கட்டும் திறமை இருந்து, அதை அவர் பாவமென்று அடக்கிக்கொண்டவர் என்பது இன்னும் வருத்தமானது. பையன் ஒருநாள் மாடியறைக்குப் போகிறான். அங்கே ஒரு பழைய தோல் பெட்டியின் உட்புறத்தில் மலிவான மர்ம நாவல் ஒன்றின் தாள்களை ஒட்டியிருக்கிறார்கள். தரையில் மண்டியிட்டு அதை வாசிக்கிறான். கதை என்று ஒன்று உலகத்தில் உண்டென்பதே தெரியாததால், அத்தனையும் நடந்த செய்தி என்று நம்பி நடுங்குகிறான். குடும்ப வாசிப்பு என்ற பெயரில் ஒரே குரல் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இப்படித்தான் பெட்டியின் உட்புறத்தைத் தேடிப் போவார்கள்.

இன்றைய தன்முன்னேற்ற நூல்களின் மூதாதை சாமுவேல் ஸ்மைல்ஸ். 1859-இல் வந்த அவரது ‘சுய உதவி’ முதல் ஆண்டிலேயே 20,000 பிரதி விற்றது. தனியாளின் உழைப்பையும் உறுதியையும் போற்றும் அந்த நூல் பிறந்த விதம் அதன் தலைப்போடு அவ்வளவாகப் பொருந்தாது. லீட்ஸ் நகரில் சில இளந்தொழிலாளர்கள் மாலையில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கூப்பிட்டதால் ஸ்மைல்ஸ் அங்கே போய்ப் பேசினார். அந்தப் பேச்சுகள்தான் நூலாக வளர்ந்தன. பிற்காலப் பதிப்பில், சுய உதவி என்றால் சுயநலம் என்று எண்ணிவிடாதீர்கள் என்று ஆசிரியரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது புத்தகக் காட்சிகளில் அந்த வகை நூல்களுக்குத் தனி அடுக்கு இருக்கிறது. அட்டைகள் ‘நீங்கள்’ என்று பன்மையில் கூப்பிட்டாலும் உள்ளே பேசுவது ஒற்றை ஆளிடம்தான்.

காந்தியின் சீடர் வினோபா பாவேயின் கதைக்கு வந்தால் இந்த இரண்டு ஓட்டங்களும், போவதும் திரும்புவதும், ஒரே ஆளிடம் கூடுகின்றன. பரோடாவில் படித்துக்கொண்டிருந்த பையன் தன் சான்றிதழ்களை அம்மாவின் அடுப்பில் போட்டுக் கொளுத்தியவன். 1916-இல் பரீட்சை எழுத பம்பாய்க்குப் புறப்பட்டு, வழியில் ரயில் மாறிக் காசிக்குப் போய்விட்டான். அம்மா ருக்மிணிக்குக் கீதை புரிய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சமஸ்கிருதம் தெரியாது. மகன் முன்பு தேடிக் கொடுத்த மராத்தி மொழிபெயர்ப்பும் அவருக்குக் கடினமாக இருந்தது. அப்படியானால் நீயே எனக்கு எழுதிக் கொடேன் என்று சாதாரணமாகச் சொல்லிவைத்தார். 1918-இல் இறந்துபோனார். மகன் 1930-31-இல் எழுதினார். எளிய மராத்தியில், பாடுவதற்கேற்ற செய்யுளில். ‘கீதாயி’ என்று பெயர். கீதை என்னும் தாய் என்று பொருள் சொல்லலாம். அடுத்த ஆண்டு தூலே சிறையில் ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயமாகக் கைதிகளுக்கு அவர் சொன்ன உரைகளை உடனிருந்த சானே குருஜி எழுதிக்கொண்டார். அதுவே தமிழில் ‘கீதைப் பேருரைகள்’ ஆனது.

காந்தியும் அந்தக் காலத்தில் அதே வேலையைச் செய்திருந்தார். 1929-இல் கௌசானி மலையில் இருந்து முடித்த குஜராத்தி கீதை, 1930 மார்ச் 12 அன்று, அவர் தண்டிக்கு நடக்கத் தொடங்கிய நாளில் வெளிவந்தது. படிப்பும் ஓய்வும் கிடைக்காத பெண்களையும் கடைக்காரர்களையும் உழைப்பாளிகளையும் மனத்தில் வைத்து எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். அண்ணன் லட்சுமிதாஸ் அப்போது உயிருடன் இல்லை. ஆனால் அவர் கோபம் கடைசிவரை நீடிக்கவில்லை. தம்பி செய்தது சரிதான் என்று மனம் உருகி எழுதிய கடிதத்தில் மன்னிப்புக் கேட்டு, தம் பிள்ளைகளைத் தம்பியிடம் ஒப்படைத்து, தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பார்க்க விரும்பினார். அதற்குள் இறந்துவிட்டார்.

1942 ஆகஸ்டில் காந்தியையும் கஸ்தூரிபாவையும் புனேயில் ஆகாகான் மாளிகையில் சிறை வைத்தார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. மணமாகி அறுபது ஆண்டு ஆகப்போகிறது. கல்யாணமான புதிதில் மனைவிக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க நினைத்து, இளவயது மோகத்தில் அதைக் கோட்டைவிட்டதைச் சத்திய சோதனையில் காந்தி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த மாளிகையில் குஜராத்திப் பாடப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினார். கொஞ்சம் கீதை, கொஞ்சம் பூகோளம். பஞ்சாபின் ஆறுகளைச் சொல்லிக்கொடுத்தார். கஸ்தூரிபாவுக்கு அந்தப் பெயர்கள் நினைவில் நிற்கவில்லை. மறுநாள் அவர் திரும்பவும் சொல்லிக்கொடுத்தார்.